மலையைக் கேட்டார்கள், மகள்களைக் கேட்கவில்லை

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும் தேனி மாவட்டத்தின் பெயர் உலக இயற்பியலாளர்களின் பேச்சில் ஏறிவிட்டது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் கிராமத்தை ஒட்டி, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் குடைவது. தலைக்கு மேலும் நாலாபுறமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருக்கும்படி உள்ளே ஒரு குகையை வெட்டுவது. அதில் 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்தி, வளிமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களைக் கவனிப்பது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். முதலில் நீலகிரியின் சிங்காராவில்தான் இடம் பார்த்தார்கள். முதுமலைப் புலிகள் காப்பகம் பக்கத்தில் இருக்கிறது என்று 2009இல் அது மறுக்கப்பட்டது. பிறகு தேடியபோது கிடைத்தது போடி மலை. உறுதியான பாறை, மழை குறைந்த சரிவு, மதுரைக்கு எளிதான சாலை என்று அந்த மலைக்கு எல்லாப் பொருத்தமும் இருப்பதாகச் சொன்னார்கள். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. சுரங்கம் தோண்டப்படவில்லை.

இந்தக் காலம் முழுக்க அந்த மலையைப் பற்றி நிறையப் பேசினோம். வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு அணை என்னாகும், நீரூற்றுகள் வற்றுமா, கதிர்வீச்சு வருமா, மேய்ச்சல் நிலம் போய்விடுமா என்று ஊர்மக்கள் கேட்டார்கள். சூழலியல் அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், காட்டுயிர் வாரியத்தின் அனுமதியையும் பெற வேண்டும் என்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலிகளின் வழித்தடத்தில் இதை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இவற்றில் பல கேள்விகள் நியாயமானவை. குறிப்பாக, புலிகளின் வழித்தடம் பற்றிய கவலையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்தே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த மலையின் அடிவாரத்தில், தலித் குடியிருப்பிலோ ஏலத்தோட்டத் தொழிலாளி வீட்டிலோ பிறந்த ஒரு பெண், அந்தக் குகைக்குள் ஆய்வாளராக நுழைய என்ன வழி இருந்தது? சுரங்கம் வரலாம், வராமலே போகலாம். இந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடாது. இயற்பியலுக்கு இந்தப் பள்ளத்தாக்கின் பாறை தேவைப்பட்டது. பள்ளத்தாக்கின் பெண்கள் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களிடம் திறமையோ துணிவோ குறைவு என்பதால் இது நேரவில்லை. வழியில் எந்தெந்த இடத்தில் பணம் நின்றுபோகிறது, எந்தெந்தக் கதவு சட்டப்படியே மூடியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

இயற்பியல் படிக்கும் பெண்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956லிருந்து நடக்கிறது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கம் நடத்தும் கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, தேனியிலும் கம்பத்திலும் மகளிர் கல்லூரிகள், வீரபாண்டியில் அரசுக் கல்லூரி என்று வாய்ப்புகள் உண்டு. நாடு முழுவதற்குமான நிலையும் இதுதான். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21இல் அறிவியல் பிரிவுகளில் பதிவு செய்திருந்த 57.2 லட்சம் மாணவர்களில் பெண்கள் 29.5 லட்சம். ஆண்களைவிட அதிகம். அதே நாட்டில் அறிவியல், பொறியியல் துறைகளின் ஆசிரியப் பணிகளில் பெண்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான் என்று, 2020இல் இரண்டு பெண் விஞ்ஞானிகள் தொடங்கிய பயஸ்வாட்ச் இந்தியா திரட்டிய தகவல்கள் காட்டுகின்றன. சாதியையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற விவரங்களை வைத்து 2023 ஜனவரியில் நேச்சர் இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாட்டின் முதல்தர நிறுவனங்களின் பேராசிரியர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றது அது. தேனி மாவட்டத்திலோ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வகுப்பறையில் பாதிக்கு மேல் இருப்பவர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆறில் ஒருவராகிறார்கள். ஊரில் ஐந்தில் ஒருவராக இருப்பவர்கள் அங்கே நூறில் ஒருவராகக்கூடத் தேறுவதில்லை. இரண்டு இழப்புகளும் சேர்ந்து விழுவது தலித் பெண்ணின் தலையில்.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இதே இடத்தில் நிற்கிறார்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் வில்லி ஹாப்ஸ் மூர். மிஷிகன் பல்கலைக்கழகம், 1972. அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யில் ஷெர்லி ஆன் ஜாக்சன் முனைவரானார். 1964இல் எம்.ஐ.டி.க்குள் நுழைந்தபோது அவர் விடுதியில் சக மாணவிகள் அவரைச் சேர்த்துக்கொண்டு படிக்க மறுத்தார்கள். கறுப்பினப் பெண்கள் ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொள்வது நல்லது என்று ஒரு பேராசிரியர் அறிவுரை சொன்னதை ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அறிவுரை சொன்னவர் தன்னைக் கெட்டவராக நினைத்திருக்க மாட்டார். நடைமுறை தெரிந்தவராகவே நினைத்திருப்பார். நம் ஊரில் எம்.எஸ்சி. இயற்பியலில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணிடம், பேசாமல் பி.எட். முடித்துவிட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிடு என்று அக்கறையோடு சொல்கிறவர்களும் அப்படித்தான். ஆசிரியர் வேலை மதிப்பான வேலை, அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அது பல வழிகளில் ஒன்று, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அது ஒன்றே வழி என்றால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

அமெரிக்கக் கறுப்பினத்தவரையும் இந்தியத் தலித்துகளையும் ஒப்பிடலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. அம்பேத்கர் தயங்கவில்லை. 1946இல் அவர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பினத்தவர் அனுப்பிய மனுவின் பிரதி தனக்கு வேண்டும் என்று கேட்டார். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி தெரியாது, அதிலும் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாத தமிழ்நாட்டில் தெரியவே தெரியாது. அதனால்தான் இங்கே எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் அன்றைக்கு அந்தச் சுற்றிவளைப்புக்கும் வேலை இல்லாமல் போகிறது. வழிகள் வேறாக இருந்தாலும் அந்தப் பெண் வந்து சேரும் இடம் ஒன்றே. அவள் தன்னைத் தினமும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வேலை கிடையாது.

சரி, அங்கே என்ன செய்து பார்த்தார்கள்? அமெரிக்க இயற்பியல் நிறுவனம் அமைத்த டீம்-அப் பணிக்குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இயற்பியலில் இளநிலைப் பட்டம் பெறுவோரின் மொத்த எண்ணிக்கை பல ஆண்டுகளாக வளர்ந்துகொண்டே போனபோதும் கறுப்பின மாணவர்களின் பங்கு 3, 4 சதவீதத்திலேயே தேங்கி நின்றது ஏன் என்பது அதன் கேள்வி. மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை, கணக்கு வரவில்லை என்று அந்தக் குழு எழுதவில்லை. துறைகள் அவர்களை ஏந்திக்கொள்ளும் சூழலாக இல்லை, பணக் கஷ்டம் பெரிதாக இருக்கிறது என்று இரண்டு காரணங்களைச் சொன்னது. நான் இந்த அறிக்கையை முக்கியமாகக் கருதுவது அது குற்றத்தை நகர்த்தி வைத்த விதத்துக்காக. அதுவரை, மாணவரிடம் என்ன குறை என்று தேடினார்கள். இந்தக் குழு, துறையிடம் என்ன குறை என்று தேடியது. அறிக்கையோடும் நிற்கவில்லை. 2022இல் சைமன்ஸ் அறக்கட்டளையின் பெருந்தொகையோடு, இயற்பியல், வானியல் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை உதவித்தொகை தரத் தொடங்கினார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: சாதிக்க நினைத்தவர்கள் எந்த உதவியும் இல்லாமல் சாதித்துத்தானே இருக்கிறார்கள், அன்னா மாணி இல்லையா? நல்ல உதாரணம், அதுவும் நமக்கு அடுத்த வீட்டு உதாரணம். கூடலூரிலிருந்து குமுளி ஏறி இன்னும் மேலே போனால் வரும் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கக் கற்களின் நிறமாலையை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். கடைசிவரை அந்தப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் அதில் மனம் உடைந்து உட்காரவில்லை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுவந்து, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் நாடெங்கும் காற்றின் வேகத்தையும் வெயிலின் அளவையும் அளந்து தொகுத்தார். இன்று தேனி, ஆண்டிபட்டி பக்கம் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் அடிப்படைத் தகவல் சேர்த்துக் கொடுத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் அந்தப் பீர்மேட்டுப் பெண்.

ஆனால் அவருடைய வீட்டையும் பார்க்க வேண்டும். தந்தை கட்டுமானப் பொறியாளர்; பெரிய ஏலத்தோட்டங்களின் சொந்தக்காரர். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு பரிசாக வந்தபோது, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்டார் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. சிறுமியின் அறிவுத் தாகத்துக்குச் சான்றாக அதைச் சொல்கிறோம். சான்றுதான். ஆனால் வைரமா கலைக்களஞ்சியமா என்று கேட்டு எடுத்துக்கொள்ளக்கூடிய வீடு எத்தனை பேருக்கு வாய்க்கும்? போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஜீப்பாகப் பெண்கள் போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் ஏறி அதே மலைகளின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். தோட்டம் வைத்திருந்தவர் வீட்டு மகளுக்கே பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது என்றால், ஜீப்பில் போகிறவர் வீட்டு மகளுக்கு அது தானாகவே கதவைத் திறக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அன்னா மாணியின் வாழ்க்கை எனக்குச் சொல்வது இதைத்தான்: வசதியும் திறமையும் சேர்ந்திருந்தாலே தடை இவ்வளவு. விபா சௌத்ரியின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்த ஒரே பெண். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் முதல் பெண் ஆய்வாளர். மலை உச்சியில் வைத்த ஒளிப்படத் தகடுகளில் மீசான் என்ற துகள்களின் தடத்தை டி. எம். போஸோடு சேர்ந்து தேடியவர். 1991இல் அவர் இறக்கும்வரை நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 2019இல் ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

விபா பிறகு கோலார் தங்கவயல் ஆய்வுகளிலும் பங்கெடுத்தார். போடி மலைத் திட்டத்தின் ஆதரவாளர்கள் பெருமையோடு நினைவூட்டும் முன்னோடி கோலார்தான். வளிமண்டல நியூட்ரினோவை உலகம் முதன்முதலாகக் கண்டறிந்தது 1965இல். அந்தக் கண்டுபிடிப்பில் கோலாருக்குப் பங்கு உண்டு. பூமிக்கடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா நிறுவனமும் ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அவ்வளவு ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டியவர்கள் யார்? வட ஆற்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய் அங்கே உழைத்த தொழிலாளர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள். சிலிக்கா தூசியை மூச்சில் இழுத்து, பாறை வெடிப்பில் உயிரைக் கொடுத்து அவர்கள் திறந்த பள்ளத்தில்தான் இந்திய இயற்பியல் தன் பெரிய வெற்றிகளில் ஒன்றைக் கண்டது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது அந்தக் குடும்பங்கள் வேலை தேடிப் பெங்களூருக்கு ரயிலேறின. இயற்பியலாளர்கள் யாரும் அவர்களுக்குத் தீங்கு நினைக்கவில்லை. அவர்களைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே அந்த அமைப்பில் இருக்கவில்லை. பொட்டிப்புரத்திலும் அதே அமைப்புத்தான் வந்து நின்றது. பள்ளிகளில் விளக்கக் கூட்டங்கள் நடந்தன, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் டி. இந்துமதி போன்றவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் பயத்தைப் போக்குவது ஒரு வேலை, பங்காளியாக்குவது வேறு வேலை. இரண்டாவதற்கு ஏற்பாடு எதுவும் அமைப்பிலேயே இல்லை. ஏன் இல்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

இட ஒதுக்கீடுதான் இருக்கிறதே என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 2006ஆம் ஆண்டின் மத்திய கல்வி நிறுவனங்கள் (மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீடு) சட்டத்தில் நான்காவது பிரிவு விலக்கு பற்றியது. சட்டத்தோடு இணைத்த அட்டவணையில் சில நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு தரப்பட்டது. அதில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் இருக்கின்றன. நம் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் அவற்றில் ஒன்று. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. ஆசிரியர் நியமனத்துக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே பட்டியலுக்கு விலக்கு தந்தது. நியூட்ரினோ திட்டத்தை முன்னின்று நடத்தியது டாட்டா நிறுவனம். ஆய்வு மாணவர்களுக்குப் பட்டம் தந்தது ஹோமி பாபா நிறுவனம். மலையைத் தேனியில் கேட்டவர்கள், தேனியின் பெண் சட்டப்படி உரிமையோடு கேட்கக்கூடிய ஓர் இடத்தைக்கூடத் தங்களிடம் வைத்திருக்கவில்லை. அரசுப் பள்ளியின் குமாஸ்தா வேலைக்கும் ஊராட்சிச் செயலர் வேலைக்கும் சாதிச் சான்றிதழோடு ஓடும் வீட்டில், நாட்டின் உச்ச இயற்பியலுக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது என்பது பலருக்குத் தெரிந்துகூட இருக்காது.

விலக்கு தந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் தரம். அடிப்படை ஆய்வில் சலுகை காட்டினால் அறிவியலே பழுதாகும் என்பது இந்த வாதத்தின் சாரம். மரியாதைக்குரியவர்கள் பலர் மனப்பூர்வமாக நம்பும் வாதம் என்பதால் இதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும். ஜெஸ்ட், நெட், டாட்டா நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு ஆகியவை எதை அளக்கின்றன? இயற்பியல் அறிவைத்தான், ஆனால் அதை மட்டும் அல்ல. ஆங்கிலத்தில் வேகமாகக் கணக்குப் போடும் பழக்கத்தை, பழைய வினாத்தாள்களைச் சொல்லித்தர ஆள் இருந்ததா என்பதை, எம்.எஸ்சி. முடித்த பிறகு ஒன்றிரண்டு ஆண்டு வேலைக்குப் போகாமல் படிக்க வீடு இடம் தந்ததா என்பதையும் சேர்த்தே அளக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் இயற்பியல் படித்து, கல்லூரியில் திடீரென ஆங்கிலத்துக்கு மாறி, குவாண்டம் இயங்கியலையும் மொழியையும் ஒரே நேரத்தில் கற்ற பெண், அதே மதிப்பெண் வாங்கிய நகரத்துப் பையனைவிட அதிக தூரம் நடந்து வந்திருக்கிறாள். ஆய்வுக்கு வேண்டியது வந்து நின்ற இடத்தின் அளவு மட்டும்தானா, நடந்து வந்த தெம்பும் வேண்டாமா? இதற்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில், கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் வசதி மிக்க வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் கைகோத்தன. ஃபிஸ்கில் முதுநிலை படிக்கும்போதே மாணவர் வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகுவார். பிறகு முனைவர் பட்டத்துக்கு அங்கே போவார். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வாசலில் நிற்கும் காவலாளியாக வைக்காமல், ஆளோடு பழகி, வேலையைப் பார்த்து எடுத்தார்கள். பெரும்பாலானோர் பட்டம் முடிக்கும் பாதையில் நின்றார்கள், இயற்பியல் பழுதாகவில்லை. எம்.ஐ.டி.யில் இன்னும் கூர்மையான சான்று கிடைக்கிறது. 1968இல் ஷெர்லி ஜாக்சனும் தோழர்களும் கறுப்பின மாணவர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று நிறுவனத்தை நெருக்கினார்கள். ஒரே ஆண்டில் அந்த எண்ணிக்கை 2லிருந்து 57 ஆனது. ஓராண்டுக்குள் ஓர் இனத்துக்குத் திறமை பிறந்துவிடாது. தேடாத வரைக்கும் இல்லை என்று சொன்னார்கள், தேடியதும் கிடைத்தார்கள்.

தேடினாலும் வர மாட்டார்கள், ஏழை வீட்டுப் பெண்களுக்கு உடனே சம்பளம் வேண்டும், முப்பது வயதுவரை ஆராய்ச்சி என்று உட்கார முடியாது என்று இன்னொரு வாதம் வரும். இதில் உண்மை இருக்கிறது. அதனாலேயே இதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022லிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கம்பத்திலிருந்து பஸ் ஏறிப் படிக்கும் பெண்ணுக்கு அது சிறிய தொகை அல்ல. பல வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வைத்த தொகை என்றே அதை நான் மதிக்கிறேன். ஆனால் இளநிலைப் படிப்போடு அது முடிகிறது. மறுமுனையில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகையை வாங்கிவிட்டால் 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். தனியார் பள்ளி ஆசிரியர் ஒருவர் இந்த மாவட்டத்தில் வாங்குவதைவிட மிக அதிகம். பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு. தமிழ்நாடு அரசும் பட்டியல் சாதி, பழங்குடியின முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. ஆகவே ஆராய்ச்சி சோறு போடாது என்பது உண்மை இல்லை. பி.எஸ்சி. முடிவதற்கும் ஜே.ஆர்.எஃப். கைக்கு வருவதற்கும் நடுவே எம்.எஸ்சி. இரண்டு ஆண்டும் தேர்வுக்குத் தயாராகும் ஓரிரண்டு ஆண்டும் கிடக்கின்றன. அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் கையில் பணமும் இல்லை, தங்க இடமும் உறுதியில்லை, வழிகாட்ட ஆளும் இல்லை. பாதை அறுந்து கிடப்பது சரியாக அந்த இடத்தில்தான். கிடைத்த பிறகும் பணம் காலத்தில் வர வேண்டும். 2016இல் உயிரை மாய்த்துக்கொண்ட ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா, விண்வெளியைப் பற்றி எழுத ஆசைப்பட்டவர். தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகையைப் பற்றி அவர் கடைசிக் கடிதத்திலும் சொல்ல வேண்டியிருந்தது. உதவித்தொகை தாமதமாவதை அலுவலகச் சிக்கல் என்று கடந்துபோகிறவர்கள் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்களுக்குப் பெரிய ஆசைகளே இருக்காது என்று உள்ளூர நினைப்பவர்களும் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பொட்டிப்புரத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் வந்த அதே 2015இல், செப்டம்பரில், அதே மலைத்தொடரின் மறுபக்கம் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். பெரிய தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தாங்களே பேசி 20 சதவீத போனஸை வாங்கினார்கள். கணக்குப் பார்க்கவும் உரிமை கேட்கவும் தெரிந்த தாய்மார்கள் அவர்கள். அவர்களுடைய மகள்களுக்கு நியூட்ரினோவின் மேல் ஆசை வராது என்று யார் தீர்மானிக்க முடியும்?

தனியாக உதவி செய்தால் ஒதுக்கீட்டில் வந்தவள் என்ற முத்திரை விழும், அது அவளுக்கே கேடு என்று சொல்லும் கரிசனமும் உண்டு. முத்திரை குத்துகிறவரைத் திருத்தாமல் உதவியை நிறுத்துவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஜோசலின் பெல் பர்னெல் 2018இல் தனக்குக் கிடைத்த 23 லட்சம் பவுண்டு பரிசுப் பணம் முழுவதையும், இயற்பியலில் இடம் குறைந்த பிரிவினரின் முனைவர் படிப்புக்கென்று எழுதி வைத்தார். பல்சார் விண்மீன்களைக் கண்டுபிடித்தும் நோபல் பரிசில் விடுபட்டவர் அவர். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வரும்போது இயற்பியல் செழிக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் நிதியில் படிப்பவர்களை யாரும் கீழாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை. உதவி மதிப்போடு வந்தால் முத்திரை ஒட்டாது. 2019இல் இந்திய இயற்பியல் கழகத்தின் பாலினப் பணிக்குழு கூட்டிய மாநாட்டில் ஹைதராபாத் சாசனம் உருவானது. இயற்பியல் துறைகளில் பெண்களுக்குச் சமநீதி பற்றி அது நல்ல வழிமுறைகளைத் தந்தது. அந்தச் சாசனத்தின் கண்ணை நகரத்து நிறுவனங்களிலிருந்து பெரியகுளம், உத்தமபாளையம் கல்லூரிகளின் பக்கம் திருப்ப வேண்டும்.

எப்படித் திருப்புவது என்பதும் அவ்வளவு கடினம் இல்லை. போடி மலைக்கென்று திட்டமிட்ட காந்தத்தின் சிறு வடிவம், 85 டன் எடையில், மதுரையில் நிற்கிறது. உயர் ஆற்றல் இயற்பியலுக்கான நிறுவன ஏற்பாடும் அங்கேதான். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்திய மதுரை – போடி ரயில், 2022 மேயில் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் திரும்பிவிட்டது. ஆண்டுதோறும் இந்த மாவட்டக் கல்லூரிகளிலிருந்து எம்.எஸ்சி. இயற்பியல் மாணவிகள் இருபது பேரை, உதவித்தொகையும் விடுதியும் தந்து, ஒரு பருவம் மதுரையில் வேலை பழக விடலாம். கருவியைக் கழற்றி மாட்டட்டும், தரவை அலசட்டும், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகட்டும். தேர்வுக்குத் தயாராகும் ஆண்டுகளில் மாநில அரசு புதுமைப்பெண் தொகையை உயர்த்தி நீட்டிக்கலாம். சமூகநீதி விடுதிகளில் படிப்பு முடிந்த பெண்களும் தங்கிப் படிக்க இடம் ஒதுக்கலாம். தரமணி நிறுவனம் ஃபிஸ்க்–வாண்டர்பில்ட் மாதிரி ஓர் ஒப்பந்தத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தோடும் செய்துகொள்ளலாம். இவை எதற்கும் மலையைக் குடைய வேண்டியதில்லை, வனத்துறையின் அனுமதி தேவையில்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விலக்குப் பட்டியலுக்குக்கூடச் சட்டத்தைத் திருத்த வேண்டாம்; அட்டவணையை மத்திய அரசு அரசிதழ் அறிவிக்கை வழியாகவே மாற்றிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நியூட்ரினோ திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடக்கூடிய கோரிக்கை இது.